கடைமடை மீனுக்கும் பங்கு உண்டு

ஓர் ஆற்றின் கடைசிச் சொட்டையும் வயலுக்குத் திருப்பிவிட்டால்தான் அந்த ஆறு முழுதாகப் பயன்பட்டது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் போகும் ஆண்டுகளில் எல்லாம் ‘தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே’ என்ற பேச்சு தவறாமல் எழும். தஞ்சை மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் மதகும் ஷட்டரும் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊரின் நடுவே ட்ரக்கி என்றோர் ஆறு ஓடுகிறது. ‘வீணாகும் தண்ணீர்’ என்ற கணக்கு ஓர் ஆற்றை எங்கே கொண்டுபோய் நிறுத்தும், அங்கிருந்து அந்த ஆறு எப்படி எழுந்து வரும் என்ற இரண்டுக்கும் ட்ரக்கி சாட்சி. ஆற்றின் முடிவிடத்துக்குப் போகும் நீர் வீணல்ல, அது ஆற்றின் உரிமைப் பங்கு என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அந்த ஆறும் அதில் ஏறும் ஒரு மீனும்தான் காரணம்.

நெவாடா என்றால் பாலைவனம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். அமெரிக்காவிலேயே மிகக் குறைவாக மழை பெறும் மாநிலம் இது என்பது உண்மை. ஆனால், முந்நூறுக்கும் மேற்பட்ட மலைத்தொடர்கள் இங்கே வடக்கு தெற்காக வரிசையாக நிற்கின்றன. உச்சியில் பனி, சரிவில் பைன் மரங்கள், அடிவாரத்தில் சாம்பல் பூத்த பச்சையில் சேஜ் புதர்கள், அதற்கும் கீழே உப்புப் படிந்த வெண்தரை. காரில் ஒரு மணி நேரம் போனால் இத்தனையையும் கடந்துவிடலாம். சேஜ் வெளியில் ப்ராங்ஹார்ன் மான்கள் மேயும். பாறைச் சரிவுகளில் பெரிய வளைந்த கொம்புகளோடு காட்டாடுகள் ஏறும். இரவில் கயோட்டிகளின் ஊளை வீட்டுக் கொல்லை வரை கேட்கும். இத்தனை உயிர்களும் நம்பியிருப்பது மலையில் விழும் பனியைத்தான். அந்தப் பனி உருகி ஓடும் ஆறுகளுக்கு இங்கே கடல் இல்லை. பெரும்பாலானவை ஏதாவது ஓர் ஏரியிலோ மணலிலோ முடிந்துவிடுகின்றன.

ட்ரக்கியும் அப்படித்தான். கலிஃபோர்னியா எல்லையில், 6,200 அடி உயரத்தில் இருக்கும் டாஹோ ஏரியிலிருந்து புறப்பட்டு, ரீனோவைக் கடந்து, சுமார் 190 கிலோமீட்டர் ஓடி, பாலைவனத்துக்கு நடுவே பிரமிட் ஏரியில் முடிகிறது. அந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. ஆண்டுக்குச் சுமார் நான்கு அடி நீர் வெயிலில் ஆவியாகிறது. மழை இருபது சென்டிமீட்டர் பெய்தாலே பெரிது. ஆக, ஆறு கொண்டுவந்து கொட்டுவதுதான் ஏரியின் உயிர். பாசன மொழியில் சொன்னால், பிரமிட் ஏரி ட்ரக்கியின் கடைமடை. மேலே யார் ஷட்டரைத் திறந்தாலும் முதலில் காய்வது அதுதான். கடைமடை விவசாயி எப்படி எல்லோருக்கும் கடைசியில் கேட்கப்படுவாரோ, அப்படித்தான் இந்த ஏரியும் அதன் மீன்களும் கேட்கப்பட்டன.

அந்த மீன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனியுகத்தில் இந்தப் பகுதியில் லஹோன்டன் என்ற ஏரி 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்து கிடந்தது. அது வற்றியபோது மிஞ்சிய குட்டைகளில் பெரியது பிரமிட். பழைய ஏரியில் மற்ற மீன்களை வேட்டையாடி வளர்ந்த லஹோன்டன் கட்த்ரோட் ட்ரவுட் இங்கே தங்கிவிட்டது. தாடைக்கு அடியில் கத்தி கீறியதுபோல் சிவப்புக் கோடு ஓடும். உலகில் உள்ள கட்த்ரோட் வகைகளில் இதுவே மிகப் பெரிதாக வளர்வது. 1925இல் பயூட் பழங்குடியைச் சேர்ந்த ஜான் ஸ்கிம்மர்ஹார்ன் இந்த ஏரியில் பிடித்த மீன் 41 பவுண்டு, அதாவது பதினெட்டரைக் கிலோவுக்கும் மேல். கட்த்ரோட் வகையில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. இதோடு குயி-உயி என்ற இன்னொரு மீனும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்த ஏரியில் மட்டும் இருப்பது. கரையில் வாழும் பயூட் மக்கள் தங்களை அந்த மீனின் பெயராலேயே அழைத்துக்கொள்கிறார்கள். 1844 ஜனவரியில் ஃப்ரீமான்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி பசியோடு இங்கே வந்து சேர்ந்தபோது, அவருடைய குழுவுக்கு இந்த ட்ரவுட்டைக் கொடுத்து உபசரித்தவர்கள் இவர்கள்தான். ஏரிக்கு ‘பிரமிட்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனவர் அவர்.

இரண்டு மீன்களுமே ஏரியில் வாழ்ந்தாலும் முட்டையிட ஆற்றில் ஏறியாக வேண்டும். 1905இல் அந்த வழி அடைபட்டது. அமெரிக்க ஒன்றிய அரசின் பாசனத் துறை புதிதாக உருவாகிக் கையிலெடுத்த முதல் திட்டங்களில் ஒன்றாக, ரீனோவுக்குக் கிழக்கே டெர்பி அணையைக் கட்டியது. தாழ்வான கதவணைதான். அதிலிருந்து வெட்டிய கால்வாய் ட்ரக்கியின் தண்ணீரைப் பக்கத்து ஆற்றுப் படுகைக்குக் கொண்டுபோய், ஃபாலன் என்ற ஊரைச் சுற்றிய ஆயக்கட்டில் விட்டது. அங்கே குதிரைமசாலும் முலாம்பழமும் விளைந்தன. அந்தப் பொறியாளர்கள் கெட்டவர்கள் அல்ல. பாலைவனத்தில் ஓர் உப்பு ஏரிக்குப் போய் ஆவியாகும் தண்ணீரை எடுத்துப் பயிர் வளர்த்தால் என்ன தவறு என்று கேட்டார்கள். அந்தக் காலத்துக் கணக்கில் அதற்கு மறுப்பே இல்லை.

அந்தக் கணக்கில் சேராதவை ஒவ்வொன்றாக அழிந்தன. ஆற்றின் நீரில் சுமார் பாதி கால்வாயில் போனது. ஏரி ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 1960களின் நடுவில் எண்பது அடி தாழ்ந்திருந்தது. நீர்மட்டம் இறங்கியதும் முகத்துவாரத்தில் மணல்திட்டு பரவி, ஆறு அதன்மேல் கணுக்காலளவு நீராகச் சிதறியது. மீன் ஏற முடியவில்லை. மேலே மரஅறுவை ஆலைகளின் தூளும் காகித ஆலைக் கழிவும் ஆற்றில் கலந்தன. ரயில் வந்த நாளிலிருந்து டன் கணக்கில் ட்ரவுட் சான்பிரான்சிஸ்கோ சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1938இல் கடைசியாக ஒரு கூட்டம் முட்டையிட ஆறேறியது. அந்த மீன்களின் சராசரி எடையே ஒன்பது கிலோ என்று பதிவு இருக்கிறது. ஆரோக்கியமான, பருத்த மீன்கள். நோயாலோ பசியாலோ அந்த இனம் சாகவில்லை, பிறக்க வழியில்லாமல் போனது. 1940களின் தொடக்கத்தில் பிரமிட் ஏரியில் அதன் சொந்த ட்ரவுட் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ட்ரக்கியின் உபரியை வாங்கிக்கொண்டிருந்த வின்னெமக்கா ஏரியின் கதை இன்னும் கொடியது. 1936இல் அது பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏரியே வற்றிப்போய், பின்னர் சரணாலய அறிவிப்பும் திரும்பப் பெறப்பட்டது. இன்று நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் புழுதி பறக்கும் வெளி மட்டும் தெரிகிறது.

மீன் போனால் மீன் விட்டுக்கொள்ளலாம் என்பது அடுத்து வந்த சமாதானம். மேற்கு அமெரிக்கா முழுவதும் குஞ்சு பொரிப்பகங்கள் எழுந்தன. ரெயின்போ ட்ரவுட், புரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட் என்று அந்நிய வகைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். டாஹோ ஏரியில் விட்ட லேக் ட்ரவுட் அங்கிருந்த கட்த்ரோட்டைத் தின்று தீர்த்தது. ரெயின்போ கட்த்ரோட்டோடு கலந்து கலப்பினம் ஆக்கியது. நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டதும் இதே ரெயின்போதான். பசிபிக் கரை ஆறுகளில் பிறந்த மீனை உலகத்தின் குளிர்மலை எங்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். தூண்டிலில் மீன் சிக்கினால் ஆறு நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். லாரியில் வந்த மீன் ஆற்றின் நலத்துக்குச் சான்று ஆகாது. முட்டையிட ஏறும் வழியும், குஞ்சு இறங்கி வர நீரும் இருக்கிறதா என்பதே சோதனை. பிரமிட் ஏரியிலும் 1950களிலிருந்து வேறு ஏரிகளின் லஹோன்டன் ட்ரவுட் குஞ்சுகளை விட்டார்கள். ஒரே இனம்தான், ஆனால் பழைய அளவுக்கு வளரவில்லை. பல்லாயிரம் ஆண்டு இந்தப் பெரிய ஏரியில் வேட்டையாடிப் பழகிய பரம்பரை அவற்றுக்கு இல்லை.

அந்தப் பரம்பரை அழிந்தது என்றே எல்லோரும் எழுதி முடித்திருந்தார்கள். 1970களின் கடைசியில், யூட்டா எல்லையில் பைலட் பீக் என்ற மலையின் ஒரு சிற்றோடையில் உயிரியலாளர்கள் சில ட்ரவுட்களைக் கண்டார்கள். தாண்டினால் மறுகரை வந்துவிடும் அளவு ஓடை. உள்ளங்கை நீள மீன்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ பிரமிட் ஏரி வழிவந்த குஞ்சுகளை அங்கே விட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பிரமிட் மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, இவை அதே வழித்தோன்றல்கள் என்று உறுதி செய்தார்கள். 1990களில் முட்டைகள் கொண்டுவரப்பட்டு ஒன்றிய அரசின் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டன. 2006இல் குஞ்சுகள் பிரமிட் ஏரிக்குத் திரும்பின. பத்தாண்டு ஆகும் முன்பே ஒன்பது கிலோவைத் தாண்டிய மீன்கள் தூண்டிலில் வந்தன. சிற்றோடையில் உள்ளங்கை அளவில் தலைமுறைகளைக் கடத்திய இனம், சொந்த ஏரியைக் கண்டதும் தன் முழு உருவத்துக்கு வளர்ந்துவிட்டது.

செய்திகளில் இந்தப் பகுதி மட்டும் அதிசயமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மீன் திரும்பி வந்தபோது அதற்கு ஏரியில் தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரைக் காப்பாற்றி வைத்தவர்கள் பயூட் மக்கள். 1859இலேயே இந்த ஏரிப்பகுதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆனால், 1944இல் ட்ரக்கி நீரைப் பங்கிட்ட நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குப் பாசனத்துக்கு மட்டும் நீர் கொடுத்தது. மீனுக்கென்று ஒரு சொட்டும் இல்லை. அதை மாற்றக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1983இல் தோற்றார்கள். தோல்வியோடு நிற்கவில்லை. குயி-உயி 1967இலும் ட்ரவுட் 1970இலும் அழியும் நிலையில் உள்ளவையாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தன. அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மலைமேல் புதிதாகக் கட்டப்பட்ட ஸ்டாம்பீட் அணையின் நீரை இந்த மீன்களுக்கே விட வேண்டும் என்று வாதாடி வென்றார்கள். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. இரு மாநிலங்களும் நகரமும் பழங்குடியும் ஒன்றிய அரசும் சேர்ந்து எழுதிய ஆற்று இயக்க ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தாகி, 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ஷட்டர் பார்த்தவன் என்பதால் அந்த ஒப்பந்தத்தின் நுட்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. மழையில்லாக் காலத்துக்காக ரீனோ நகரம் மலைமேல் உள்ள அணைகளில் நீரைச் சேமித்துக்கொள்ளலாம். தேவைப்படாத ஆண்டில் அந்தச் சேமிப்பிலிருந்து மீனுக்குப் போகும். எந்த மாதத்தில் எவ்வளவு விட்டால் மீன் ஏறும், எவ்வளவு விட்டால் கரையோர மரக்கன்று வேர்பிடிக்கும் என்று பார்த்துத் திறக்கிறார்கள். அதுவரை மீட்டரே இல்லாமல் தண்ணீர் பெற்றுவந்த நகர வீடுகளுக்கு மீட்டர் பொருத்துவதும் இந்தப் பேச்சுவார்த்தையில் அடங்கியிருந்தது. எல்லோரும் கொஞ்சம் கொடுத்தார்கள். 2014 வசந்தத்தில் பிரமிட் ஏரியின் ட்ரவுட் ட்ரக்கியில் தானாக ஏறி முட்டையிட்டது, 1938க்குப் பிறகு முதல் முறையாக. 2020இல் டெர்பி அணையில் மீன்தடுப்புத் திரை அமைக்கப்பட்டது. கால்வாய்க்கு நீர் போகும், மீன் போகாது. அதே ஆண்டு, ஏரிக்குக் கிழக்கே உள்ள மலையில் பெருங்கொம்புக் காட்டாடுகளையும் பயூட் மக்கள் மீண்டும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அந்த மலையில் இல்லாத விலங்கு அது.

குளிர்காலத்தில் மாப்பிள்ளையோடு நான் அங்கே தூண்டில் போடப் போவதுண்டு. அக்டோபரிலிருந்து ஜூன் வரை பருவம். மாநில அரசின் உரிமம் அங்கே செல்லாது, பயூட் மக்களிடம்தான் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பணம் அவர்களுடைய மீன்வள வேலைகளுக்குப் போகிறது. கரையிலிருந்து சற்று உள்ளே ஏரியின் தரை படிபோல் சட்டென்று இறங்கும். அந்த விளிம்பை ஒட்டித்தான் பெரிய மீன்கள் ரோந்து வரும். அதனால், ஆட்கள் ஏணியைத் தண்ணீரில் நட்டு அதன்மேல் நின்று வீசுகிறார்கள். விடியலில் கரை நெடுக ஏணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒருவர். உயிர் இரை கூடாது, செயற்கை இரைதான். கொக்கியின் எதிர்முள்ளை நெரித்துத் தட்டையாக்கிவிட வேண்டும். மீன் வளைகிறபோது கயிறு தளர்ந்தால் கழன்றுவிடும். ஆகவே, பிடிக்கிறவருக்குப் பொறுமையும் கைநிதானமும் வேண்டும். என் தூண்டிலில் வந்த மீனை வலையில் ஏந்தி, தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமலே தாடையைப் பார்த்தேன். சிவப்புக் கோடு, செம்பு நிற உடல், கருப்புப் புள்ளிகள். விரல் விறைக்கும் குளிர்நீரில் அதன் பலம் கையில் தெரிந்தது. விட்டதும் ஒரே வீச்சில் ஆழத்துக்குப் போனது. வசந்தத்தில் போனால் அனஹோ தீவுக்கு வெள்ளைக் கூழைக்கடாக்கள் வந்திருக்கும். 1913 முதல் காப்பிடமாக இருக்கும் அந்தத் தீவில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். ஏரி மேலும் இறங்கித் தீவு கரையோடு சேர்ந்திருந்தால் கயோட்டிகள் நடந்தே போய்க் குஞ்சுகளைத் தின்றிருக்கும். மீனுக்கென்று விட்ட தண்ணீர் பறவையையும் காக்கிறது.

ஃபாலன் விவசாயிகளுக்கு என்ன ஆனது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசு அழைத்துக் குடியேற்றிய குடும்பங்கள் அவை. ஆயக்கட்டின் கசிவுநீரையும் வடிநீரையும் நம்பி ஸ்டில்வாட்டர் சதுப்பு நிலங்களும், அங்கே இறங்கும் லட்சக்கணக்கான வலசைப் பறவைகளும் இருந்தன. கால்வாயில் நீர் குறைந்ததும் அவை அடிபட்டன. ஏரிக்குச் செய்த நீதி சதுப்புக்கு அநீதி ஆகக் கூடாது. அதனால்தான் 1990 சட்டமே, விற்க விரும்பும் விவசாயிகளிடமிருந்து நீருரிமையை விலை கொடுத்து வாங்கிச் சதுப்புக்கு விடவும் வழி செய்தது. பறிமுதல் செய்யவில்லை. விலை கொடுத்தார்கள். இதற்குப் பணமும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. தொடக்கத்திலேயே ஏரிக்கும் ஒரு பங்கு எழுதியிருந்தால் இந்தச் செலவு எதுவும் வந்திருக்காது.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே வாக்கர் ஏரி இருக்கிறது. அதுவும் பழைய லஹோன்டனின் மிச்சம்தான். அதே ட்ரவுட் அங்கேயும் இருந்தது. கரையில் இருந்த பயூட் மக்கள் ‘ட்ரவுட் உண்போர்’ என்ற பெயர் கொண்டவர்கள். மேலே வாக்கர் ஆற்று நீர் பாசனத்துக்குப் போகப் போக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஏரி நூற்றைம்பது அடிக்கும் மேல் இறங்கியது. உப்பு ஏறியது. 2009 வாக்கில் ட்ரவுட் முற்றிலும் போய்விட்டது. மீன் போனதும், வலசைப் பாதையில் அங்கே தங்கி இரை தின்ற லூன் பறவைகளும் வருவதை விட்டன. அவற்றுக்காக ஊர்க்காரர்கள் கொண்டாடிய விழாவும் நின்றது. இப்போது அங்கேயும் நீருரிமையை விலைக்கு வாங்கி ஏரிக்கு அனுப்புகிறார்கள். ஒரே பனியுக ஏரியின் இரு பிள்ளைகள், ஒரே மீன், ஒரே வெயில். ஒன்று பிழைத்ததற்கும் மற்றொன்று சாகக் கிடப்பதற்கும் காரணம் நீர்ப்பங்கு மட்டும்தான்.

பிரமிட் ஏரியின் வேலை முடிந்துவிடவில்லை. ட்ரவுட் இன்னும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. பொரிப்பகத்தின் துணையும் தேவைப்படுகிறது. மலைப்பனி குறைந்த ஆண்டுகளில் ஒப்பந்தம் கடுமையாகச் சோதிக்கப்படும். ஆனால், பாதை எது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. குஞ்சு விடுவது எளிது, ஒரு லாரி போதும். தண்ணீர் விடுவது கடினம், அதற்கு மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் கடினமான வேலையைச் செய்த இடத்தில்தான் மீன் திரும்பியிருக்கிறது.

என் துறையில் இன்று பணியில் இருக்கும் இளம் பொறியாளர்களிடம் நான் கேட்பது இதுதான். கதவணையோ, நதி இணைப்போ, உபரிநீர்த் திட்டமோ எதை வரைந்தாலும், ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று எழுதுவதற்கு முன்பே, ஆற்றின் கடைசிக்கு, அது ஏரியோ கழிமுகமோ கடலோ, எந்த மாதம் எவ்வளவு நீர் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள்.